குதிகாலில் மெலனோமா: நானோ ஒளி சிகிச்சைக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டி கட்டும் வேலை. வலது குதிகாலில் கருப்பாக ஒரு திட்டு ஒன்றரை வருடமாக இருந்தது. கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டும் இருந்தார். இப்போது பயாப்சியில் 'அக்ரல் மெலனோமா, தடிமன் 2.4 மி.மீ., மேல்தோல் புண்ணாகவில்லை' என்று வந்திருக்கிறது. அந்த இடத்தை அகலமாக வெட்டியெடுத்து, தொடை இடுக்கில் நெறியையும் (நிணநீர் முடிச்சு) சோதிக்க வேண்டும் என்கிறார்கள். துபாயில் இருக்கும் என் தம்பி ஒரு கட்டுரை அனுப்பினான். நானோ தங்கத் துகளை ஏற்றி ஒளியைப் பாய்ச்சினால் கட்டி அழிவதோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மிச்சமிருக்கும் புற்றையும் தேடி அழிக்குமாம். விசாரித்ததில் ஒரு தனியார் மையம், "கத்தியே வேண்டாம், ஆறு லட்சம் ஆகும்" என்கிறது. பெரியப்பாவோ, "கத்தி பட்டால் பரவிடும், தங்க பஸ்பமும் நானோதானே, அதைக் கொடுத்துப் பார்க்கலாம்" என்கிறார். அப்பாவிடம் இன்னும் புற்றுநோய் என்று சொல்லவில்லை. ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிப்போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தள்ளிப்போட வேண்டாம். கொடுத்த தேதியில் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தம்பி அனுப்பியது பொய்க் கட்டுரை இல்லை. அந்த ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது, எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அப்பாவின் குதிகாலில் இன்று இருக்கும் கட்டிக்கு அது மருந்து இல்லை.

முதலில் இந்த நோயைப் பற்றி. மெலனோமா என்றாலே வெயிலால் வருவது, வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் அக்ரல் வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. அப்பா வெயிலில் நின்றதாலோ, ஐஸ் தண்ணீரில் நின்றதாலோ வந்துவிட்டது என்று வீட்டில் யாரும் வருத்தப்பட வேண்டாம். கால் ஆணி என்று நினைத்ததிலும் ஆச்சரியம் இல்லை. குதிகாலில் தடித்து, நடக்கும்போது உறுத்தும் எதையும் நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். டெர்மட்டோஸ்கோப் என்று ஒரு சின்ன விளக்கு வைத்த லென்ஸ் இருக்கிறது. அதை உள்ளங்காலில் வைத்துப் பார்த்தால் கைரேகை போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் தெரியும். சாதாரண மச்சத்தில் கருமை பெரும்பாலும் பள்ளங்களில் ஓடும். மெலனோமாவில் மேடுகளில் ஓடும். இரண்டு நிமிஷப் பரிசோதனை இது. உள்ளங்காலில் புதிதாகக் கருப்புத் திட்டு வந்தாலோ, இருக்கும் திட்டு பெரிதானாலோ பிளேடைத் தொடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று இதைப் படிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பும் சோடாவும் வைத்து மச்சத்தை எரிப்பது, அழகு நிலையத்தில் லேசரால் சுட்டுவிட்டு பயாப்சிக்கு அனுப்பாமல் விடுவது இரண்டும் ஆபத்து.

இனி உங்கள் கேள்வி. ஒளியை மருந்தாக்குவது பழைய யோசனை. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1903-லேயே நோபல் பரிசு வாங்கினார். இன்று புற்றுநோயில் ஒளியைப் பயன்படுத்துவதில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒளி பட்டால் வேலை செய்யத் தொடங்கும் மருந்தைக் கட்டிக்குள் சேர்த்து ஒளியைப் பாய்ச்சினால், அது அங்கிருக்கும் ஆக்சிஜனைக் கடுமையான வடிவத்துக்கு மாற்றிப் புற்றின் உயிரணுக்களைக் கொல்லும். இது ஃபோட்டோடைனமிக் சிகிச்சை. அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தோடு செய்யும் இந்தச் சிகிச்சைக்கு, புற்றாக மாறக்கூடிய ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்ற வெயில் தடிப்புக்காக அமெரிக்காவில் 1999-இல் அனுமதி கிடைத்தது. பேசல் செல் என்ற தோல் புற்று மேலோட்டமாக இருந்தால் அதற்கும் பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். இரண்டாவது வழி ஃபோட்டோதெர்மல். ஒளியை உறிஞ்சிச் சூடாகும் துகளைக் கட்டிக்குள் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சி உள்ளேயே வேகவைப்பது. உச்சி வெயிலில் துறைமுகத்தில் கிடக்கும் கருப்புத் தார்ப்பாயைத் தொட்டால் கை பொசுங்கும், பக்கத்தில் கிடக்கும் வெள்ளைத் தார்ப்பாய் அவ்வளவு சுடாது. வெயில் ஒன்றுதான், வாங்கும் பொருள்தான் வேறு. தங்கத்தை நானோ அளவில், அதாவது கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துகளாக, சரியான வடிவத்தில் செய்தால், சதையைத் தாண்டிச் செல்லும் அகச்சிவப்பு ஒளியை அது பிடித்துச் சூடாகும். சுற்றியிருக்கும் சதை அவ்வளவு சூடாகாது.

சரியான வடிவம் என்று சொன்னது முக்கியம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகியோர் உருவாக்கிய நானோ ஓட்டில், நடுவில் சுமார் 120 நானோமீட்டர் சிலிக்கா உருண்டை, அதன்மேல் சுமார் 15 நானோமீட்டர் தங்கப் பூச்சு. உருண்டையின் அளவும் பூச்சின் தடிமனும்தான் எந்த நிற ஒளியைப் பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்தத் துகளை வைத்து மனிதர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளிவந்தது. 16 பேர் சேர்ந்த சிறிய சோதனை அது. அவர்களுக்கு இருந்தது ப்ராஸ்டேட் புற்று, மெலனோமா இல்லை. துகளை ரத்தத்தில் ஏற்றி, ஊசி வழியாக ஒளி இழைகளைச் சுரப்பிக்குள்ளேயே நுழைத்துச் செய்தார்கள்.

எதிர்ப்புச் சக்தி இதில் எங்கே வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உயிரணு சாகும் விதத்தைப் பொறுத்து உடம்பு அதைக் கவனிக்கும், அல்லது கவனிக்காமல் விட்டுவிடும். வெப்பத்தாலோ அந்தக் கடுமையான ஆக்சிஜனாலோ புற்றணு சரியான அளவில் அடிபட்டால், கால்ரெட்டிகுலின் என்ற புரதம் அதன் மேற்பரப்புக்கு வந்து நிற்கும், அணுவுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. போன்ற பொருள்கள் வெளியே கசியும். டென்ட்ரிடிக் அணுக்கள் என்ற காவல் அணுக்கள் இவற்றை அடையாளம் கண்டு வந்து, செத்த அணுவின் துண்டுகளை விழுங்கி, பக்கத்து நெறிக்கு எடுத்துப்போய், எதிரியைத் தாக்கும் டி அணுக்களுக்குக் காட்டும். அப்புறம் டி அணுக்கள் பெருகி, ஒளியே படாத இடத்தில் இருக்கும் அதே புற்றையும் தேடிப் போகலாம். கட்டியையே தடுப்பூசியாக மாற்றும் முயற்சி இது. நானோ துகளுக்குள் ஒளி பிடிக்கும் சாயத்தோடு, எதிர்ப்பைத் தூண்டும் மருந்தையும் சேர்த்து அடைக்க முடிகிறது. நாங்கள் மருவுக்குக் களிம்பாக எழுதிக்கொடுக்கும் இமிக்விமாட்டை இப்படி வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இதோடு, டி அணுக்களின் கையைக் கட்டிப்போடும் தடையை எடுக்கும் ஊசிகளையும் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. அந்தத் தடைகளைக் கண்டுபிடித்து விலக்கிக் காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018 நோபல் பரிசு.

அக்ரல் மெலனோமாவைப் பார்க்கும் டாக்டர்களுக்கு இந்த ஆராய்ச்சிமேல் தனி அக்கறை உண்டு. வெயில் பட்ட தோலில் வரும் மெலனோமாவில் மரபணு மாற்றங்கள் ஏராளம், அதனால் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியமாகப் பார்ப்பது சுலபம். உள்ளங்கால் வகையில் அவை குறைவு. தடை நீக்கும் ஊசிகளும் இதில் அந்த அளவுக்குப் பலன் தருவதில்லை. எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் இருக்கும் கட்டியை ஒளியால் படவைக்க முடிந்தால், நம் ஊர் நோயாளிகளுக்குத்தான் அதிக லாபம். தம்பி தேடிய திசை தப்பில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் எலியிலிருந்து அப்பாவின் குதிகாலுக்கு வர நிறைய தூரம் இருக்கிறது. இந்தச் சோதனைகளில் பல, எலியின் மெல்லிய தோலுக்கடியில் ஊசியால் வளர்த்த, சில மில்லிமீட்டர் அளவுக் கட்டிகளில் நடந்தவை. அங்கே மேலிருந்து லேசர் அடித்தால் கட்டி முழுவதும் ஒளி பாயும். உள்ளங்கால் தோல் உடம்பிலேயே தடித்த தோல். அதோடு மெலனோமாவின் கருமையே ஒளியை விழுங்கிவிடும். மேலே இருக்கும் அணுக்கள் செத்து, அடியில் வேர்விட்டிருப்பவை தப்பித்தால், மேலே ஆறியது போலத் தெரியும், உள்ளே நோய் வளரும். ஃபோட்டோடைனமிக் முறைக்கு ஆக்சிஜன் வேண்டும், ஆனால் வளர்ந்த கட்டியின் உள்பகுதியில் ஆக்சிஜன் பஞ்சம். இதற்கு மாற்றாகக் கட்டிக்குள்ளேயே ஆக்சிஜனை உண்டாக்கும் மாங்கனீஸ் டையாக்சைடு துகள்களைச் செய்கிறார்கள், நல்ல யோசனைதான், அதுவும் இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஏற்றும் துகள்களில் எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேர்கிறது என்று பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. நடுமதிப்பு 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தங்கம் சுலபமாகக் கரைந்து போகாது. வருடக்கணக்கில் அங்கே இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பொறுமையாகப் பார்த்த பிறகுதான் மனிதர்களுக்குப் பரவலாகக் கொடுக்க முடியும்.

ஒளியையும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தையும் இணைத்த ஒரு சிகிச்சை மருத்துவமனைக்கே வந்துவிட்டது. ஹிசடாகா கோபயாஷி என்ற விஞ்ஞானி அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் உருவாக்கிய முறை அது. புற்றணுவில் ஒட்டும் ஆன்டிபாடியோடு ஒரு சாயத்தை இணைத்து, 690 நானோமீட்டர் சிவப்பு ஒளியால் தூண்டுவார்கள். ஜப்பான் 2020 செப்டம்பரில் அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுக்கு, அதிலும் ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு. மெலனோமாவுக்கு இல்லை. தம்பி அனுப்பிய கட்டுரைகளில் இவையெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். படிப்பவர்களுக்கு எல்லாமே கையில் இருப்பது போலத் தோன்றும்.

அந்த ஆறு லட்சத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். மெலனோமாவை ஆபரேஷன் இல்லாமல் நானோ தங்கத்தால் குணப்படுத்த எந்த அனுமதியும் இல்லை. அது ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ-யில் பதிவாகியிருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும், உங்கள் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும், சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். சோதனைக்கான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2019-இல் மத்திய அரசு தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. பதிவு எண் கேளுங்கள். எண்ணும் இல்லை, பணம் மட்டும் கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அட்வான்ஸ் எதுவும் கட்டாதீர்கள். குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருக்கும் ஒருவரிடம் கத்தி வேண்டாம் என்று சொல்லிப் பணம் பறிப்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெரியப்பாவிடம் மரியாதையாகவே பேசுங்கள், அவர் பயத்தில் சொல்கிறார். கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எப்படி வந்தது என்று யோசித்தால் புரியும். முற்றிய பிறகு ஆபரேஷன் செய்தவர்களுக்கு, ஏற்கெனவே பரவியிருந்தது பின்னால் தெரியவரும், பழி கத்திமேல் விழும். சுற்றியிருக்கும் நல்ல தோலோடு சேர்த்து முழுமையாக எடுப்பது பரவலைத் தடுப்பதற்காகத்தான். தங்க பஸ்பத்தின் கதை வேறு. அதில் நுண்ணிய துகள்கள் இருக்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன அளவு, ஓடு, ஒளியைப் பிடிக்கும் குணம் எதுவும் அதில் திட்டமிட்டு உண்டாக்கியதல்ல, வாயால் சாப்பிட்டால் அது குதிகாலுக்குப் போய்ச் சேரவும் போவதில்லை. ஆபரேஷன் நேரத்தில் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருக்க வேண்டும், அதனால் எந்தப் பஸ்பமும் இப்போது வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். 2 மி.மீ.க்கு மேல் தடிமன் என்பதால் சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலோடு எடுப்பார்கள். குதிகாலில் அது பெரிய குழி. வேறு இடத்துத் தோலையோ, பக்கத்துச் சதையையோ கொண்டுவந்து மூடுவார்கள். அதே நேரத்தில் கட்டி இருந்த இடத்தில் சாயமோ, கதிரியக்கப் பொருளோ செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறி எது என்று கண்டுபிடித்து எடுப்பார்கள். சில இடங்களில் இதற்கு இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். அகச்சிவப்பு கேமராவில் பார்த்தால் குதிகாலிலிருந்து கால் வழியாகத் தொடை இடுக்குவரை அந்தச் சாயம் ஒளிக்கோடாக ஏறுவது தெரியும். தம்பி படித்த நானோ ஆராய்ச்சிகள் பலவற்றில் ஒளியைப் பிடிக்க வைப்பதும் இதே சாயம்தான்.

அந்த நெறியின் முடிவு வரும்வரை அடுத்த கட்டத்தைப் பற்றிக் குழம்ப வேண்டாம். நெறியில் நோய் இல்லை, தடிமனும் மாறவில்லை என்றால் நோய் இரண்டாம் கட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஆபரேஷனோடு நிறுத்தி, தொடர்ந்து கவனித்தால் போதும். பயாப்சியில் சொன்ன தடிமன் கடைசி வார்த்தை இல்லை, முழுக் கட்டியையும் வெட்டிப் பார்க்கும்போது கூடலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நெறியில் இருந்தால் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற தடை நீக்கும் ஊசிகளைப் பற்றிப் பேசுவார்கள். அப்போது மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் பி.ராஃப், கிட் என்ற மரபணுச் சோதனைகளையும் கேளுங்கள். இந்த ஊசிகளுக்குச் செலவு அதிகம். தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றில் அழற்சி வரலாம் என்பதால் கண்காணிப்பும் வேண்டும். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எதற்கு உதவும் என்று இப்போதே ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவில் விசாரித்து வையுங்கள். இன்னொரு கருத்து கேட்க விரும்பினால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் அன்றே திரும்பலாம். பயாப்சி ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. ஆனால் அந்த இன்னொரு கருத்துக்காக ஆபரேஷன் தேதி நழுவக் கூடாது.

நானோ ஒளி சிகிச்சை எப்போதாவது அப்பாவுக்குத் தேவைப்படுமா? அவருக்குத் தேவையே வரக்கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன். வெட்டியெடுக்க முடியாதபடி காலில் வரிசையாகத் தோலடி முடிச்சுகள் கிளம்பும் நோயாளிகள் சிலர் இருக்கிறார்கள். முடிச்சுகள் மேலேயே இருப்பதால் ஒளி எட்டும், துகளை ரத்தத்தில் ஏற்றாமல் நேராக முடிச்சுக்குள்ளேயே செலுத்தலாம். மனிதர்களிடம் இது முதலில் பலன் தரப்போவது அப்படிப்பட்டவர்களிடம்தான் என்பது என் கணிப்பு. முறையாகப் பதிவான சோதனை ஒன்று நம் பக்கம் வந்தால் அவர்களை அனுப்ப நானே முன்னால் நிற்பேன்.

கடைசியாக அப்பாவிடம் சொல்வது. சொல்லிவிடுங்கள் அம்மா. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர். குதிகாலில் ஏன் இவ்வளவு பெரிய கட்டு, ஏன் இடுக்கில் தையல் என்று ஆபரேஷன் முடிந்து அவர் கேட்கும்போது வேறு கதை சொல்ல முடியாது. அதோடு இனி அவருடைய காலை அவர்தான் கவனிக்க வேண்டும்: தழும்பு ஓரத்தில் புதிதாகக் கருமை வருகிறதா, முழங்காலுக்குப் பின்னாலோ இடுக்கிலோ நெறி கட்டுகிறதா, நகத்தடியில் கோடு விழுகிறதா என்று. எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவர் தேட மாட்டார். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "காலில் இருப்பது ஒரு வகைப் புற்று, எடுத்துவிடலாம் என்கிறார்கள்" என்று தொடங்கினால் போதும், மீதியை அவரே கேட்பார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் உள்ளே கூட்டிப்போங்கள். துறைமுக வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது, ஐஸ் தண்ணீரில் நிற்பதற்கு அதற்குமேலும் நாளாகும். சில மாதம் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமா என்று முதலாளியிடம் இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.